சோறு ஆக்கத் தெம்பில்லாத நாட்கள்: அக்கா பதில்கள்

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல சாப்பாடு பத்திதான். டயட் இல்ல, எடை குறைக்கிறது இல்ல, தனக்குன்னு ஒரு வேளை சாப்பாடு தயார் பண்ணி வாயில வைக்கிறதே மலையா இருக்குன்னு எழுதியிருக்காங்க. எல்லாத்தையும் ஒண்ணா வச்சு பதில் சொல்லிடுறேன். நான் கவுன்சிலிங் படிச்சவ, டாக்டர் இல்ல, அதனால எங்க டாக்டர் வேணுமோ அங்க டாக்டர்கிட்ட போங்கன்னுதான் சொல்லுவேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு, சொந்த ஊர் தென்காசி பக்கம். பெருங்குடியில சிங்கிள் ரூம் எடுத்து தங்கி ஐடி வேலை பாக்குறேன். சமைக்கத் தெரியாம இல்ல, காலேஜ் படிக்கும்போதே வீட்ல நாலு பேருக்கு சமைச்சவதான். ஆனா ஆறேழு மாசமா நைட்டு ரூமுக்கு வந்து ஃப்ரிட்ஜ தொறந்து பாத்துட்டு அப்படியே மூடிடுறேன். சாப்பாடு ஆப்ப தொறந்து ரொம்ப நேரம் தள்ளித் தள்ளி பாத்துட்டு எதுவும் ஆர்டர் பண்ணாமலே தூங்கிடுறேன். ஞாயித்துக்கெழம ஆசையா காய் வாங்கி வைப்பேன், அடுத்த ஞாயிறு அழுகின கீரைய குப்பையில போடும்போது அழுகையா வருது. அம்மா போன்ல சாப்டியான்னு கேட்டா, சாப்டேன்மா, ரசமும் உருளைக்கெழங்கும்னு கதை விடுறேன். தனக்கு ஒரு வாய் சோறு ஆக்கத் துப்பில்ல, நானெல்லாம் என்ன பொண்ணுன்னு தோணுது. இது சோம்பேறித்தனம்தானே? (பெயர் வேண்டாம், பெருங்குடி)

பதில்: இல்லம்மா. சோம்பேறித்தனமா இருந்தா நீ படுத்து நிம்மதியா ரீல்ஸ் பாத்துட்டு இருப்ப, ஃப்ரிட்ஜ் கதவ புடிச்சுட்டு நின்னு உன்னையே திட்டிட்டு இருக்க மாட்ட.

சமையல்ங்கறத நாம ஒரே வேலையா எண்ணுறோம், அங்கதான் சிக்கல். நீ சமைக்கணும்னு நெனச்சதும் உன் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு பாரு. என்ன செய்யலாம், இருக்கிற காய் நல்லா இருக்கா, தேங்கா இருக்கா, குக்கர் எங்க, ஐயோ அது சிங்க்ல கெடக்கே, முந்தாநாள் பருப்பு வச்சது அடியில மஞ்சளா காஞ்சு ஒட்டிட்டு நிக்குது, மேல ஊத்துன தண்ணி நாத்தம் அடிக்குது, கேஸ்கெட்ட எங்க கழட்டி வச்சோம், அத வெளக்குறதுக்கு மொதல்ல சிங்க்ல இருக்கிற டம்ளர எல்லாம் எடுக்கணும், எடுத்து எங்க வைக்கிறது, மேடையில இடம் இல்லையே... அடுப்பே பத்த வைக்கல, அதுக்குள்ள பத்து முடிவு எடுத்தாச்சு. நாள் பூரா ஆபிஸ்ல முடிவா எடுத்து தள்ளிட்டு வந்த மூளை அந்த பதினோராவது முடிவுல படுத்துக்குது. உன் லெட்டர படிச்சா உனக்கு எதிரி சமையல் இல்ல, அந்த குக்கர்தான்னு எனக்கு தோணுது.

இன்னொன்னு. நீ சோர்வா இருக்கிறதால சாப்பிடலன்னு நெனச்சுட்டு இருக்க, சாப்பிடாம இருக்கிறதால சோர்வா இருக்கிறதும் பாதி உண்மை. 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டியில ஆன்செல் கீஸ்னு ஒருத்தர் 36 வாலிபர்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாரு. போர்ல பட்டினி கெடந்த ஜனங்கள எப்படி தேத்துறதுன்னு கண்டுபிடிக்கத்தான். நல்ல ஆரோக்கியமான ஆளுங்க, அவங்களாவே சம்மதிச்சு வந்தவங்க. ஆறு மாசம் கிட்டத்தட்ட பாதி சாப்பாடுதான் குடுத்தாங்க. உடம்பு இளைச்சது ஒரு பக்கம் இருக்கட்டும், மனசு என்ன ஆச்சுன்னா, எதுலயும் ஆர்வம் போச்சு, சிடுசிடுப்பு வந்துச்சு, யார்கிட்டயும் பேசப் பிடிக்காம ஒதுங்கினாங்க, சிலர் நாள் பூரா சமையல் குறிப்பு புத்தகத்த படிச்சுட்டே இருந்தாங்களாம். நீ ஆப்ப தள்ளித் தள்ளி பாத்துட்டு ஆர்டர் பண்ணாம தூங்குறதும் இவங்க சமையல் குறிப்ப படிச்சுட்டு இருந்ததும் எனக்கு ஒண்ணாதான் தெரியுது. பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு நம்ம ஊர்ல சொல்றோமே, அந்த பத்துல சமைக்கிற தெம்பும் ஒண்ணு.

இப்ப தன்மேல இரக்கம் காட்டுறதுன்னா என்னன்னு வருவோம். கிறிஸ்டின் நெஃப்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 2003ல இத மூணு பகுதியா பிரிச்சு எழுதினாங்க: தன்ன திட்டாம கனிவா நடத்துறது, இந்த கஷ்டம் எனக்கு மட்டும் இல்ல மனுஷங்க எல்லாருக்கும் வரதுதான்னு நெனைக்கிறது, என்ன நடக்குதோ அத கூட்டாம கொறைக்காம அப்படியே பாக்குறது. கேக்க நல்லாத்தான் இருக்கு, நைட்டு ஒம்பதரைக்கு ஃப்ரிட்ஜ் முன்னாடி நிக்கும்போது இத வச்சு என்ன பண்றது? எனக்கு தெரிஞ்சு இப்படி: உன் ரூமுக்கு உன் தங்கச்சி காய்ச்சலோட வந்து படுத்துருக்கான்னு வச்சுக்கோ. துப்பு கெட்டவளேன்னு திட்டுவியா? அவள எழுப்பி போய் கீரை ஆயுன்னு சொல்லுவியா? ஒரு டம்ளர் பால் காச்சி, ரெண்டு பிரெட்ட தொட்டுக்க குடுத்துட்டு, போதும் தூங்குன்னு சொல்லுவ. அந்த பாலும் பிரெட்டும் உனக்கும் சாப்பாடுதான். மனசுல பெருசா கனிவு பொங்கணும்னு எல்லாம் காத்துட்டு இருக்காத, பொங்காது. திட்டிக்கிட்டே கூட பால் காச்சலாம். முதல்ல கை செய்யட்டும், மனசு மெதுவா வரும்.

அதனால ஒரு மாசத்துக்கு கீரை வாங்காத. நெசமாத்தான் சொல்றேன். கீரை நல்லது, யாரு இல்லன்னா, ஆனா ஆஞ்சு கழுவி நறுக்குற தெம்பு இருக்கிற ஆளுக்குத்தான் அது நல்லது, உனக்கு இப்ப அது வாராவாரம் ஒரு தண்டனை. அதுக்கு பதிலா ஷெல்ஃப்ல ஒரு தட்டு முழுக்க அடுப்பே தேவைப்படாத சாமான் வை. மெல்லிசு அவல், தயிர், உப்பு, ஊறுகா: அவல ஒரு தடவ அலசி தண்ணிய வடிச்சு தயிர ஊத்தினா நீ முகம் கழுவிட்டு வரதுக்குள்ள ஊறிடும், கெட்டி அவல்னா ஒரு பத்து நிமிஷம் ஆகும். வாழப்பழம். பொட்டுக்கடலையும் வெல்லமும். கடலமிட்டாய். வறுத்த வேர்க்கடல 100 கிராம்ல 25 கிராம் புரதம் இருக்கு, ஒரு கைப்பிடி உள்ள போனாலே சும்மா இல்ல. அடுப்பு பத்த வைக்கிற தெம்பு இருக்கிற ஒரு நாள்ல முட்டைய அஞ்சாறா அவிச்சு தோலோட ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு வாரம் தாங்கும், ஒரு முட்டையில 6 கிராம் புரதம். மாவு பாக்கெட் இருந்தா தோசக்கல்ல ஊத்தி மேல முட்டைய ஒடச்சு விட்டா சட்னியே வேணாம், பொடி போதும். வெளக்க முடியலன்னா பாக்கு மட்ட தட்டு, இல்ல மந்தார இலை வாங்கி வச்சுக்கோ, பாத்திரம் வெளக்கணுமேன்னு பட்டினி கெடக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

தெருமுனை மெஸ்ல குழம்பு, பொரியல் மட்டும் பார்சல் வாங்கிட்டு வீட்ல சோறு மட்டும் வச்சுக்கிற ஆளுங்க சென்னையில எத்தன பேருன்னு நெனைக்கிற? வெளிய வாங்கி சாப்பிட்டா அது சமையல் இல்லன்னு யார் சொன்னது? 2013ல சென்னையில அம்மா உணவகம் ஆரம்பிச்சப்ப இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா, தயிர் சாதம் 3 ரூபா. அங்க காலையில தட்டு ஏந்தி நின்னவங்கள்ல வீட்ல அடுப்பு இருந்தும், நேரமும் தெம்பும் இல்லாதவங்களும் இருந்திருப்பாங்க. அடுத்தவங்க ஆக்கினத சாப்பிடுறது ஒண்ணும் தோல்வி இல்லம்மா.

ஆனா ஆறேழு மாசம்னு சொல்ற பாரு, அது எனக்கு கொஞ்சம் உறுத்துது. மனச்சோர்வு இருக்கான்னு பாக்க டாக்டர்கள் உலகம் பூரா ஒம்பது கேள்வி உள்ள ஒரு படிவம் வச்சுருக்காங்க, கடைசி ரெண்டு வாரத்த வச்சு பதில் சொல்லணும், அதுல அஞ்சாவது கேள்வியே பசி இல்லாம போச்சா இல்ல அளவுக்கு மீறி சாப்பிடுறீங்களாங்கறதுதான். அதாவது இது குணத்தோட குறை இல்ல, ஒரு அறிகுறி. தைராய்டு, ரத்தசோகை இதுலயும் இப்படி சோர்வு வரும், ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து பாத்துடு. முயற்சி பண்ணாமலே எடை குறையுது, சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் அடிக்குது, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா இன்னைக்கே போ. மனசு விட்டு பேச 14416னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க.

அம்மா விஷயம். ரசம் உருளைக்கெழங்கு கதைய நிறுத்தணும்னு இல்ல, ஒரு நாள் மட்டும், இன்னைக்கு அவலும் தயிரும்மா, ரொம்ப டயர்டுன்னு சொல்லிப் பாரு. ஒரு பாட்டு திட்டு விழும். அடுத்த பஸ்ல பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் வந்து எறங்கும், எனக்கு தென்காசி அம்மாக்கள தெரியும்.

கேள்வி: எனக்கு 61 வயசு, ரிட்டயர்டு, திருச்சி ஸ்ரீரங்கம். மனைவி தவறி ஒரு வருஷம் ஆச்சு. பொண்ணு பெங்களூர்ல இருக்கா. முப்பத்தஞ்சு வருஷம் தட்டு முன்னாடி வந்த சாப்பாட்ட சாப்பிட்டு பழகியாச்சு. இப்ப ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்னு தோணுது. காலையில காபி, மதியம் ஏதாவது பிஸ்கட், ராத்திரி சில நாள் அதுவும் இல்ல. சுகர் மாத்திரை மட்டும் ஒழுங்கா போட்டுக்கிறேன். அவ இருந்தப்ப ஒரு நாள் கூட சமையல்கட்டுக்குள்ள போய் உதவி செய்யல, இப்ப நல்லா சாப்பிட எனக்கு என்ன யோக்கியதைன்னு ஒரு நெனப்பு ஓடிட்டே இருக்கு. (ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: ஐயா, மத்ததுக்கு முன்னாடி அந்த சுகர் மாத்திரை. மாத்திரைய போட்டுட்டு சாப்பிடாம இருக்கிறது ஆபத்து. சில சுகர் மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு வரும்னு நம்பி சர்க்கரைய இறக்கும், சாப்பாடு வரலன்னாலும் இறக்கிட்டே போகும். கை நடுங்குது, குப்புன்னு வேர்க்குது, நெஞ்சு படபடக்குது, பேச்சு குழறுதுன்னா சர்க்கரை 70க்கு கீழ போயிருக்கலாம். உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கலக்கி குடிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்பவும் பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவ, ஏறினதும் ஏதாவது சாப்பிட்டுடுங்க. தனியா இருக்கிற ஆளு வேற, அதனால இந்த வாரமே டாக்டர்கிட்ட போய், நான் மதியம் பிஸ்கட்தான் சாப்பிடுறேன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அவர் மாத்திரைய மாத்துவாரு இல்ல நேரத்த மாத்துவாரு. நீங்களா நிறுத்திடாதீங்க.

இப்ப அந்த யோக்கியதை விஷயத்துக்கு வரேன். நீங்க பட்டினி கெடந்து கடன அடைக்கப் பாக்குறீங்க ஐயா. உங்க தலைமுறையில ரொம்ப ஆம்பளைங்க சமையல்கட்டு வாசப்படி தாண்டல, அது சரியா தப்பான்னா தப்புதான், நான் மழுப்ப மாட்டேன். ஆனா அதுக்கு வட்டி உங்க வயித்துலேர்ந்து எடுத்தா யாருக்கு போய் சேருது? உங்க வீட்டம்மாவுக்கு போகாது. முப்பத்தஞ்சு வருஷம் அவங்க பாத்து பாத்து வளத்து வச்ச உடம்பு இது, அத பிஸ்கட்டுக்கு விட்டுடாதீங்க.

தெவசத்துக்கும் அமாவாசைக்கும் அவங்களுக்கு பிடிச்சத வச்சு படைப்பீங்க இல்லையா, அன்னைக்கு மட்டும் வீட்ல சாப்பாட்டு வாசனை அடிக்குது. அந்த ஒரு வேளைய எப்படியோ பண்ணிடுறீங்கதானே, அப்ப முடியாம இல்ல, தனக்குன்னு வரும்போதுதான் கை ஓடல. துக்கத்துல இருக்கிற ரொம்ப பேருக்கு இதான் நெலமை, ஒரு வருஷம் ஆனா சரியாயிடணும்னு எந்த சட்டமும் இல்ல.

ஒண்ணே ஒண்ணு கத்துக்குங்க, சோறு வைக்க. ரெண்டு லிட்டர் குக்கர் ஒண்ணு வாங்குங்க, பழைய அஞ்சு லிட்டர் குக்கர தொடவே வேணாம், அது குடும்பத்துக்கானது, அத பாத்தாலே உங்களுக்கு மனசு கனக்கும். அரை டம்ளர் அரிசி, ரெண்டு தடவ களஞ்சு, அதே டம்ளரால ஒண்ணேகால், ஒன்றரை டம்ளர் தண்ணி, மூணு விசில், ஆவி தானா அடங்கட்டும். முதல் நாள் குழைஞ்சா தயிர் சாதம், வெறைச்சு போச்சா மோர ஊத்தி கரைச்சுக்கோங்க, ரெண்டுலயும் நஷ்டம் இல்ல. சுகர் இருக்கிறதால கூட ஒரு முட்டையோ சுண்டலோ ஒரு கை காயோ சேத்துக்கணும், வெறும் சோறா வேணாம். மிச்ச சோத்த ராத்திரி பூரா மேடையில மூடி வைக்காதீங்க, ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வைங்க, வெளிய கெடந்த சோத்துல கிருமி வளந்து வாந்தி பேதி ஆகும், திரும்ப சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. குழம்பு, கூட்டு எல்லாம் பக்கத்துல மாச கணக்குக்கு சாப்பாடு குடுக்கிற மாமி யாராவது இருப்பாங்க, ஸ்ரீரங்கத்துல அதுக்கு பஞ்சமா என்ன! பொண்ணுகிட்ட மதியம் ஒரு மணிக்கு வீடியோ கால் போட சொல்லுங்க, அவ ஆபிஸ்ல டிபன் பாக்ஸ தொறக்கட்டும், நீங்க இங்க தட்ட வைங்க. பேசக்கூட வேணாம்.

கேள்வி: அக்கா, பாப்பாவுக்கு நாலு மாசம். அம்மா வீட்லேர்ந்து திரும்பி வந்தாச்சு, வீட்டுக்காரர் காலையில போனா ராத்திரிதான். பாப்பா தூங்குற நேரத்துல துணி தோய்க்கிறதா குளிக்கிறதா சாப்பிடறதான்னு பாத்தா சாப்பாடுதான் எப்பவும் கடைசி. காலையில வச்ச இட்லிய மூணு மணிக்கு நின்னுட்டே கைக்கு வந்தபடி வாயில திணிக்கிறேன். மாமியார் வேற அது ஆகாது இது ஆகாதுன்னு பத்தியம் சொல்றாங்க. பால் கம்மியா இருக்குன்னு சொன்னா எல்லாரும் என்னத்தான் பாக்குறாங்க. (ஈரோடு)

பதில்: பால் குடுக்கிற உடம்புக்கு முதல் ஆறு மாசம் தெனமும் சுமார் 500லேர்ந்து 600 கலோரி கூடுதலா வேணும், கிட்டத்தட்ட இன்னொரு வேளை சாப்பாடு. நீ இருக்கிற வேளையையே தொலைச்சுட்டு நிக்கிற. இது உன் குறை இல்லம்மா, ஆள் பத்தாக்குறை. முன்ன மூணு பொம்பளைங்க செஞ்ச வேலைய இப்ப ஒத்த ஆள் தலையில கட்டிட்டு, அவ ஏன் இளைச்சுப் போனான்னு கேக்குறாங்க.

வீட்டுக்காரர் கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை அவர் பேர்ல எழுதிடு: நீ பால் குடுக்க உக்கார்ற இடத்துல கை எட்டுற தூரத்துல ஒரு சொம்பு தண்ணி, மூடி போட்ட டப்பாவுல கைய நனைக்காம சாப்பிடுற மாதிரி ஏதாவது. பேரிச்சம்பழம், அவிச்ச முட்ட, பொடி தடவின இட்லி, சுருட்டின சப்பாத்தி. பாப்பா குடிக்கும்போது நீயும் சாப்பிடு, அது எந்திரிச்சதும் நீ எந்திரிக்கிற கதை வேணாம். ஃபிளாஸ்க்ல சத்துமாவு கஞ்சி போட்டு வச்சா மூணு மணிக்கும் சூடா இருக்கும். ஒரு கையால நின்னுட்டு சாப்பிட்டதும் சாப்பாடுதான், அதுக்காக உன்ன நீயே பாவமா பாத்துக்காத. பத்தியத்துக்கு மாமியார்கிட்ட சண்டை வேணாம், நீ பிள்ளத்தாச்சியா இருந்தப்ப பாத்த டாக்டர்கிட்டயே அவங்களையும் கூட்டிட்டு போய் அவங்க முன்னாடியே கேட்டுடு, டாக்டர் வாயால வந்தா அது வேற மரியாதை.

பிரசவம் ஆன முதல் ரெண்டு வாரம் அழுகை வரது சகஜம். நாலு மாசத்துலயும் அழுகை, பாப்பா தூங்கினாலும் தூக்கம் வரல, எதுலயும் ஒட்டலன்னா அது வேற, பிரசவத்துக்கு அப்புறம் வர மனச்சோர்வா இருக்கலாம். அதுக்குன்னே 1987லேர்ந்து பத்து கேள்வி படிவம் ஒண்ணு இருக்கு, தமிழ்லயும் இருக்கு, தடுப்பூசிக்கு போறப்ப கேளு. உன்னையோ பாப்பாவையோ ஏதாவது பண்ணிடலாம்னு ஒரு நெனப்பு வந்தா அடுத்த ஊசி வரைக்கும் காத்திருக்காத, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடு.

கேள்வி: போன இதழ்லயும் நீங்க தன்மேல அன்பு காட்டு, திட்டாதன்னு எழுதினீங்க. மன்னிக்கணும், எனக்கு இது செல்லம் குடுக்கிற மாதிரி இருக்கு. சாப்பாட்டுக்கே வழியில்லாத ஜனம் எத்தன பேர், கையில காசு, வீட்ல கேஸ் எல்லாம் இருந்தும் எனக்கு சாப்பிட முடியலன்னா அது கொழுப்பு இல்லையா? எங்க அப்பா எல்லாம் ரேஷன் அரிசிய தின்னு வளந்தவர். (தேனி)

பதில்: சார், உங்க அப்பாவுக்கு கும்பிடு. ஆனா அவர் காலத்துல பசியோட இருந்தவனுக்கு அரிசி வேணும், இப்ப அந்த பெருங்குடி பொண்ணுக்கு அரிசி இருக்கு, அத எடுத்து கழுவுற தெம்பு வேணும். ரெண்டு பேருக்கும் வயிறு காலிதான். ஒருத்தர் காலிய காட்டி இன்னொருத்தர் வயித்த ரொப்ப முடியாது. சின்ன வயசுல சோறு வேணாம்னப்ப, எத்தன பேர் பட்டினி தெரியுமான்னு நம்மள திட்டி ஊட்டினாங்களே, அப்ப எறங்கினது சோறு இல்ல, குத்த உணர்ச்சி. அது இன்னும் செரிக்காம ரொம்ப பேர் வயித்துல கெடக்கு.

செல்லம் குடுத்தா கெட்டுப் போவாங்கன்னு நீங்க மட்டும் இல்ல, எல்லாருமே நெனைக்கிறோம். 2012ல கலிபோர்னியாவுல ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மாணவர்கள வச்சு இத பாத்தாங்க. வேணும்னே கஷ்டமான வார்த்தை டெஸ்ட் ஒண்ணு குடுத்து எல்லாரையும் கோட்டை விட வச்சாங்க. அதுல ஒரு குரூப்புகிட்ட மட்டும், இது எல்லாருக்கும் கஷ்டமாதான் இருக்கு, உங்களையே ரொம்ப திட்டிக்காதீங்கன்னு சொன்னாங்க. அடுத்த டெஸ்டுக்கு படிக்க நேரம் குடுத்தப்ப அதிக நேரம் உக்காந்து படிச்சது அந்த குரூப்தான். நீங்க சொல்றபடி பாத்தா அவங்கதானே புத்தகத்த மூடிட்டு போயிருக்கணும்?

திட்டு வேலை செய்யும்னா சார், எனக்கு லெட்டர் எழுதின அத்தன பேரும் இந்நேரம் மூணு வேளையும் வாழ இலை போட்டு சாப்பிட்டுட்டு இருப்பாங்க. அவங்க அளவுக்கு தன்ன திட்டினவங்கள நான் பாத்ததில்ல.

கேள்வி: ஹாஸ்டல்ல இருக்கேன், காலேஜ் செகண்ட் இயர். காலையில மெஸ்ஸுக்கு போக மாட்டேன், மதியமும் கொஞ்சமா கொறிச்சுட்டு விட்டுடுவேன், கண்ட்ரோலா இருக்கேன்னு பெருமையா இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல பிஸ்கட், சிப்ஸ், முறுக்குன்னு ரூம்ல இருக்கிறத எல்லாம் காலி பண்ணிடுவேன். அப்புறம் வெறுப்பு வந்து நாளைக்கு பூரா பட்டினின்னு முடிவு பண்றேன். (கோயம்புத்தூர்)

பதில்: நாளைக்கு பட்டினிங்கற அந்த முடிவுதான் நாளைக்கு ராத்திரிய இன்னைக்கே ஏற்பாடு பண்ணுது. பகல் பூரா உடம்பு கேட்டுட்டே இருக்கு, நீ குடுக்கல, ராத்திரி அது கேக்காமலே எடுத்துக்குது, அவ்வளவுதான். உனக்கு மன உறுதி பத்தலன்னு இல்ல, எந்த உடம்பும் இதத்தான் பண்ணும்.

2007ல கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரின்னு ரெண்டு பேர் பண்ணின ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. காலேஜ் பொண்ணுங்களுக்கு முதல்ல டோனட் சாப்பிட குடுத்தாங்க. சிலர்கிட்ட மட்டும், எல்லாரும்தான் இத சாப்பிடுறாங்க, அதுக்காக தன்ன நொந்துக்காதீங்கன்னு ஆறுதலா ஒரு வார்த்த சொன்னாங்க. அப்புறம் மிட்டாய வச்சுட்டு ருசி பாருங்கன்னு விட்டாங்க. எப்பவும் வாய கட்டி பழகின பொண்ணுங்கள்ல, அந்த ஆறுதல கேட்டவங்க கம்மியா சாப்பிட்டாங்க, கேக்காதவங்கதான் கூட சாப்பிட்டாங்க. குத்த உணர்ச்சிதான் அடுத்த பாக்கெட்ட பிரிக்குது.

ராத்திரி என்ன நடந்திருந்தாலும் மறுநாள் காலையில மெஸ்ஸுக்கு போ. பசிக்கலன்னாலும் ரெண்டு இட்லி. ஈடு கட்டுறதுக்கு இல்ல, தண்டனை இல்லாம ஒரு காலை வேளை எப்படி இருக்கும்னு பாக்குறதுக்கு. சாயங்காலம் நாலரைக்கு சுண்டலோ கடலையோ ஏதாவது கட்டாயம் வேணும், அந்த வேளைய விட்டாதான் பதினோரு மணி பயங்கரமா வருது. சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கிற பழக்கம் இருந்தா, மாதவிடாய் நின்னு போச்சுன்னா, மயக்கம் வருதுன்னா இது என்னோட பதிலோட முடியற விஷயம் இல்லம்மா, மனநல டாக்டர பாக்கணும். அஞ்சு நாளுக்கு மேல சுத்தமா சாப்பிடாம இருந்த யாரும் திடீர்னு வயிறு முட்ட சாப்பிடவும் கூடாது, ரத்தத்துல உப்புச்சத்து தாறுமாறா மாறி உயிருக்கே ஆபத்தாகும், ஆஸ்பத்திரியில வச்சு பாத்துதான் ஆரம்பிக்கணும்.

கேள்வி: ரூம்மேட் ஒரு மாசமா சரியா சாப்பிடறதில்ல. சாப்டியாடான்னு கேட்டாலே எரிஞ்சு விழுறான். என்ன பண்றது? (மதுரை)

பதில்: அந்த கேள்விய விட்டுடு தம்பி. சாப்டியான்னு கேட்டா அவன் இல்லன்னு ஒத்துக்கணும், அப்புறம் ஏன்னு காரணம் சொல்லணும், அப்புறம் என்ன வேணும்னு முடிவு பண்ணணும். மூணும் அவனால முடியல, அதான் எரிச்சல். நீயா கல்ல போட்டுட்டு, தோசை ஊத்துறேன், ரெண்டா மூணான்னு மட்டும் கேளு. பதில் வரலன்னா ரெண்டு ஊத்தி பக்கத்துல வச்சுட்டு உன் தோசைய அங்கேயே உக்காந்து சாப்பிடு. அவன் தட்ட பாத்துட்டே இருக்காத, கிரிக்கெட் பத்தி ஏதாவது பேசு. ஆறிப்போனா ஆறிப்போகட்டும். ரெண்டு வாரம் ஆகியும் இதே கதைன்னா 14416க்கு நீயே போன் பண்ணி என்ன செய்யலாம்னு கேளு, அவன்தான் பண்ணணும்னு இல்ல. உயிரோட இருந்து என்னன்னு ஒரு வார்த்த அவன் வாயில வந்தா மட்டும் அன்னைக்கு ராத்திரி அவன தனியா விடாத, அவன் வீட்டுக்கு போன் போட்டு சொல்லிடு, கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.